மூன்றாவது வரியில், நடுவில்

பம்பாய் மாட்டுங்காவில் அனந்தகிருஷ்ணன் வீட்டுக்குத் தபால் வந்தால் வாசலிலேயே அது இரண்டாகப் பிரிந்துவிடும். ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் ஷ்யாமளாவின் கைக்குப் போகும். கறுப்புக் கரை போட்ட சாவுப் பத்திரிகைகளும், 'படித்ததும் கிழித்துவிடவும்' என்று தலைப்பில் எழுதிய கார்டுகளும் விசாலாக்ஷிக்கு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. ஷ்யாமளா அந்த வீட்டு மருமகள், சுமங்கலி, மூன்று பிள்ளை பெற்றவள். விசாலாக்ஷி அனந்தகிருஷ்ணனின் தங்கை. பதின்மூன்று வயதில் கழுத்தில் தாலி ஏறி, அடுத்த வருஷமே இறங்கியவள். கெட்ட சேதியைத் தொடுவதால் இவளுக்கு இனிமேல் என்ன கெட்டுவிடப் போகிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நல்ல குடும்பங்களில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை, செய்துவிடுவதோடு சரி.

விசாலாக்ஷிக்கும் அது பழகிவிட்டது. கறுப்புக் கரையைக் கண்டால் போதும், கை தானாக வேலையைத் தொடங்கிவிடும். ஒரு பார்வை பார்த்து, போனவர் பெயரை உள்ளே குரல் கொடுத்துச் சொல்வாள். அண்ணா உறவுமுறையை யோசித்து, யாருக்கு எத்தனை நாள் தீட்டு, யார் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார். அதற்குள் இவள் அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்து வெளியே தெருப்பக்கம் போட்டுவிட்டுக் கையைக் கழுவியிருப்பாள். அந்தக் காகிதம் வீட்டுக்குள் ஒரு பொழுது தங்கக் கூடாது. அப்படியே பாலக்காட்டு உறவில் பாதிப் பேரை அவள் கிழித்துப் போட்டாயிற்று. அவளுடைய புருஷனின் பத்திரிகையை மட்டும் அவள் கிழிக்கவில்லை. அவள் கண்ணில் படுவதற்குள் அப்பா கிழித்துவிட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் அதை அச்சிலும் பார்த்ததில்லை.

பிறகு சென்னையில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தாள். பி.ஏ. முடித்து, நூலகப் படிப்பும் படித்து, பம்பாய்க்கு அண்ணாவிடம் வந்து சேர்ந்தாள். பல்கலைக்கழக நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் வேலை கிடைத்தது. வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சின்ன வெள்ளை அட்டை எழுத வேண்டும். முதல் வரியில் ஆசிரியர் பெயர், அடுத்த வரியில் தலைப்பு, பிறகு மற்ற விவரங்கள். அட்டைகளை அகரவரிசையில் மர இழுப்பறைகளில் அடுக்க வேண்டும். தமிழ் அட்டைகள் எல்லாம் அவள் கையெழுத்துத்தான், குண்டு குண்டாக, ஒரு அடித்தல் இல்லாமல்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. மதியம் தூக்கு டப்பாவைத் திறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிடுவாள். சாயங்காலம் ரயிலில் பெண்கள் பெட்டியில் முழங்கையிடி வாங்கிக்கொண்டு வீடு வருவாள். வீட்டில் அவளுக்குத் தனித்தட்டு, தனி மூலை. யாரும் அவளை அடித்ததில்லை, வைததில்லை. 'சாப்பிட்டாயா' என்று கேட்பார்கள். பதில் வருவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நாற்பத்தைந்து வயதாகியும் அவளுக்கு இது வலித்தது. பழகிப்போனது என்று அவளே சொல்லிக்கொள்வாளே தவிர, அதெல்லாம் சும்மா.

அறுபத்தேழாம் வருஷத்து மழைக்காலம். இந்த ஊர் யாருக்குச் சொந்தம் என்று தெருமுனைகளில் கத்திக் கேட்கத் தொடங்கியிருந்த சமயம். ரயிலில் தமிழ் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நூலகத் தலைவி ரோஷனுக்கு இதைக் கண்டு கோபம் வந்தது. ரோஷன் பார்சிக்காரி, கத்தரித்த நரைமுடி, ஓயாத இருமல், யாருக்கும் பயப்படாத நாக்கு. 'நம் நகரத்து மனிதர்கள்' என்று நூலகத்தில் ஒரு கண்காட்சி வைப்பதாக அறிவித்துவிட்டாள். புத்தகங்கள் வேண்டாம், புத்தகத்தில் இடம் பிடித்தவர்களுக்கு ஏற்கெனவே அலமாரி இருக்கிறது என்றாள். சின்ன மனிதர்கள் அச்சடித்த காகிதங்கள் வேண்டும். கல்யாணப் பத்திரிகை, சங்கத்து நோட்டீஸ், கோயில் கொடை விழா, கடை திறப்பு, எதுவானாலும் சரி. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. தமிழ்ப் பெட்டி விசாலாக்ஷியின் பொறுப்பு.

ஒரே வாரத்தில் அவள் ஒரு கட்டு சேர்த்துவிட்டாள். சபா கச்சேரி நோட்டீஸ், ராமநவமி அழைப்பிதழ், பூணூல் பத்திரிகை, பஜனை மண்டலி ஆண்டு விழா. ரோஷன் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கீழே அச்சிட்டிருந்த விலாசங்களை ஆங்கிலத்தில் படிக்கத் தெரியும்.

"விசாலாக்ஷி, உங்கள் தமிழர்கள் எல்லோரும் ஒரே தெருவில்தான் குடியிருக்கிறார்களா?" என்று கேட்டாள்.

விசாலாக்ஷிக்குக் காது சிவந்துவிட்டது. மாட்டுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷன் சயான். அதில் இறங்கி நடந்தால் தாராவி. அங்கே தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் ரயில் எப்போதும் தெற்கே போகும், வடக்கே அவளுக்கு வேலை இருந்ததில்லை. பியூன் பிரம்மநாயகத்தைக் கூப்பிட்டாள். அவர் திருநெல்வேலிப் பக்கம், தாராவிவாசி, ஐம்பது வயதுக்காரர். உங்கள் பக்கத்திலிருந்து அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள் என்றாள்.

"காயிதத்துக்கா பஞ்சம்? அம்ம கேட்டதுக்கு ஒரு சாக்கு கொண்டாந்திருதேன்" என்றார் பிரம்மநாயகம்.

சொன்னபடியே வந்தன. சங்க ஆண்டுவிழா நோட்டீஸ், மாரியம்மன் கொடை, காதுகுத்துப் பத்திரிகை, ஒரு நாடகக் குழுவின் மஞ்சள் நோட்டீஸ். மலிவுக் காகிதம், தேய்ந்த எழுத்து. அந்தப் பெயர்களைப் படிக்கப் படிக்க விசாலாக்ஷிக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் தமிழ் அட்டவணை எழுதியவள் இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட ஒரு அட்டையிலும் எழுதியதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். சனிக்கிழமை கண்காட்சி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. விசாலாக்ஷி டப்பாவைக் கழுவிவிட்டு மேஜைக்கு வந்தபோது, பழைய செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம் அங்கே இருந்தது. அன்றாடம் வருகிறதுதானே என்று பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு அட்டை. சுற்றிலும் விரல் கனத்துக்குக் கறுப்புக் கரை. மேலே 'கருமாதி' என்று தடித்த எழுத்து.

பெயரைக் குரல் கொடுத்துச் சொல்ல இங்கே அண்ணா இல்லை, கண் அதற்குக் கீழே இறங்கவில்லை. கை முந்திக்கொண்டது. நெட்டுவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, நாலு துண்டு. பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். கூஜாத் தண்ணீரைச் சாய்த்துக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்த யோசனையும் இல்லாமல் அடுத்த அட்டையை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

பிரம்மநாயகம் டீ குடித்துவிட்டு வந்தார்.

"அம்மா, எங்க பக்கத்து வெயிலுமுத்து குடுத்தது கண்ணுல பட்டுதா? கேட்டுல வாச்மேன் உள்ள விடமாட்டேன்னுட்டான். லீவு போட்டுட்டு வந்திருக்காரு, பாவம். நாந்தான் வாங்கியாந்து மேசையில வச்சேன்."

"எது?"

"அவரு சம்சாரத்தோட கருமாதிப் பத்திரிகை. இந்தச் சித்திரையில தவறிப்போச்சு அது. அச்சுல அவ பேரு இருக்கிறது இது ஒண்ணுலதான்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தாரு. கண்ணாடிக்குள்ள வச்சிருவாவளான்னு நாலு மட்டம் கேட்டாரு."

விசாலாக்ஷி எழுந்து நின்றாள். ஜன்னலைக் காட்டினாள். பிரம்மநாயகம் ஜன்னலைப் பார்த்தார், ஈரமாயிருந்த அவள் கையைப் பார்த்தார். அவரும் தமிழர்தானே, மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பேரும் மழையில் முற்றத்துக்கு ஓடினார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே சாக்கடை நுரைத்துக்கொண்டு ஓடியது. ஒரு துண்டு சுவரோரம் ஒட்டிக்கிடந்தது. இன்னொன்றின் மேல் யாரோ மிதித்துப் போயிருந்தார்கள். எடுத்தால் கூழாகக் கையோடு வந்தது. ஒன்றில் அச்சாபீஸின் பெயர் இருந்தது, மற்றதில் வெறும் கறுப்புக் கரை. பாக்கி இரண்டும் தண்ணீரோடு போய்விட்டன.

"உங்ககிட்ட ஒரு பத்திரிகை குடுத்திருப்பாரே?" என்றாள் விசாலாக்ஷி.

"எல்லாருக்குந்தான் குடுத்தாரு. படிச்சிட்டுக் கிழிச்சுப் போட்டுட்டோம். அத யாரும்மா வீட்டுக்குள்ள வப்பா?"

அவளும் வைக்க மாட்டாள். மாட்டுங்காவிலும் வைப்பதில்லை, தாராவியிலும் வைப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இப்படி ஒரு வேளை வந்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் அவள் மாட்டுங்காவில் இறங்கவில்லை. பிரம்மநாயகம் பின்னால் சயானில் இறங்கினாள். நீங்கள் வர வேண்டாம், நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கிழித்தது நான், சொல்ல வேண்டியதும் நான்தான் என்றுவிட்டாள்.

தாராவியில் முதலில் எதிர்கொண்டது வாடை. உப்புப் போட்ட தோல், சுண்ணாம்பு, மழையில் ஊறிய குப்பை. அதற்கப்புறம் காது திறந்தது. குழாயடியில், டீக்கடையில், தகரக் கூரைகளுக்குள்ளே, எங்கும் தமிழ். தாழ்ந்த குரலில்லை, தெருவே அதிரும் தமிழ். பம்பாயில் தமிழ் இவ்வளவு சத்தமாகப் பேசப்பட்டு அவள் கேட்டதில்லை. அவளுடைய தமிழும் இல்லை அது. பாதி புரிவதற்குள் பேசியவர் கடந்து போயிருந்தார். அத்தனை பேர் நடுவிலும் தன்னை ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. மாட்டுங்காவில் எல்லோருக்கும் தெரியும், அங்கே மட்டும் என்ன கண்டோம் என்றும் தோன்றியது.

வெயிலுமுத்து தன் கோலிக்கு வெளியே டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு கால் கழுவிக்கொண்டிருந்தார். பத்தடிக்குப் பத்தடித் தகர அறை, அதுதான் கோலி. அவர் தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டு உள்ளங்கை வெளுத்திருந்தது, நகங்கள் கடுக்காய்க் கறையில் மஞ்சளாயிருந்தன. பிரம்மநாயகத்தைப் பார்த்துச் சிரித்தவர், பின்னால் நின்றவளைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார்.

"இவியதான் லைப்ரரி அம்மா" என்றார் பிரம்மநாயகம்.

"வாங்க தாயி, வாங்க. இம்புட்டுத் தூரம் நீங்க வரணுமா? கண்ணாடிக்குள்ள வச்சாச்சா?"

முகமெல்லாம் சந்தோஷமாகக் கேட்டார்.

"இல்லை. அதை நான் கிழிச்சுட்டேன்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். கறுப்புக் கரையைப் பார்த்ததும் கை தானாகக் கிழித்தது, வெளியே போட்டேன், மழையில் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். யார்தான் வேண்டுமென்று செய்வார்கள்?

வெயிலுமுத்து வாசலில் கவிழ்த்திருந்த தகர டின்னைக் காலால் நகர்த்தி, உட்காருங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். தான் நின்றுகொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

"படிச்சியளா?" என்று கேட்டார்.

"என்னது?"

"கிழிக்கதுக்கு முந்தி படிச்சுப் பாத்தியளா, யாருன்னு?"

"இல்லை."

"படிக்காமலா கிழிச்சிய?"

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"எனக்கு வாசிக்கத் தெரியாது தாயி" என்றார் அவர். "ஆனா அவ பேரு எங்கன இருக்குன்னு தெரியும். மூணாவது வரியில, நடுவுல. அச்சாபீஸ்காரரு வெரல வச்சுக் காட்டினாரு. வேலைக்குப் போவுறதுக்கு முந்தி எடுத்து அத ஒரு மட்டம் தொட்டுக்கிடுவேன். பூமாரின்னு அவ பேரு."

நெட்டுவாக்கில் கிழித்தது சரியாக அந்தப் பெயரின் நடுவே போயிருக்கும் என்று விசாலாக்ஷிக்குத் தோன்றியது. அட்டையின் நடுவைத்தான் அவள் கை எப்போதும் பிடிக்கும்.

"வேற பத்திரிகை ஒண்ணுகூட இல்லையா?" என்றாள்.

"நான் குடுத்தனுப்புனதே மிஞ்சியிருக்கக் கூடாதது" என்றார் வெயிலுமுத்து. உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்தார். ரிஜிஸ்டர் தபாலில் போய்த் திரும்பிய கவர், உள்ளே இருந்த அந்தப் பத்திரிகையை அவர் எடுத்தபின் காலியாக இருந்தது. மேலே சிவப்பு மையில் 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருந்தது. "அவ அய்யா வீட்டுக்கு அனுப்புனது. அவிய வேற ஆளுக, எங்க சாதிய வாசப்படி ஏத்த மாட்டாவ. நாங்க தோல்ல கை வைக்கிற ஆளுகல்லா. அவ என்னைய நம்பி ரயிலேறி வந்துட்டா. இருவது வருசம் இங்கன இருந்தா. ஒருநா ஒரு பொழுது அவ அய்யா வீட்டுலயிருந்து ஒரு காயிதம் வந்ததில்ல. சரி, செத்ததுக்காவது அழுவாவன்னு அனுப்புனேன். வாங்கல. வாங்கியிருந்தா கிழிச்சிருப்பாவ. கிழிச்சிருந்தா தலைக்குத் தண்ணி ஊத்தியிருப்பாவ. எங்க பக்கத்து ஆளுக எல்லாரும் மொறை செஞ்சாச்சு. அவ பொறந்த வீட்டுலதான் ஒரு ஆளும் அவளுக்குன்னு குளிக்கல."

பிரம்மநாயகம் தொண்டையைச் செருமினார். "அந்தக் கவரையாவது குடும்வே. அம்ம அத வச்சிருவாவ."

"இதுல அவ பேரு எங்க இருக்கு? அவ அய்யா பேருல்லா இருக்கு. அந்த மனுசன் பேரு கண்ணாடிக்குள்ள இருக்கணும், அவ பேரு சாக்கடையில போவணுமா?"

"அந்த அச்சாபீஸ்ல சொல்லி இன்னொண்ணு அடிக்கலாம். நானே போய்ச் சொல்றேன்" என்றாள் விசாலாக்ஷி.

"வேண்டாம் தாயி. ஒருத்திக்கு எத்தன மட்டம் கருமாதி வைக்கது?"

குழாயடியில் யாரோ குடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலுமுத்து கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழிச்சு எங்க போட்டிய?"

"வெளியில. ஜன்னல் வழியா."

"உள்ள வச்சுக்கிடலையே?"

"இல்லை."

"அப்ப மொறையாத்தான் செஞ்சிருக்கிய" என்றார். அதைக் கோபத்தில் சொன்னாரா ஆறுதலாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "அவ பொறந்த வீட்டுக்குன்னு போன காயிதம். அவிய தொடல. நீங்க தொட்டுக் கிழிச்சிருக்கிய."

எழுதியிருந்தது என்னவென்று அவள் கேட்டாள். அச்சாபீஸ்காரர் மூன்று தடவை படித்துக் காட்டியதில் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. வரி வரியாகச் சொன்னார், ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி. மூன்றாவது வரி ஒரே ஒரு சொல். அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் உள்ளே போய்விட்டது.

விசாலாக்ஷி வீடு திரும்பியபோது ஷ்யாமளா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். இவள் யாரிடமும் பேசாமல் நேரே குளியலறைக்குப் போனாள். கட்டிய புடவையோடு உட்கார்ந்து, பச்சைத் தண்ணீரைத் தலைவழியாகக் கொட்டிக்கொண்டாள். ஒரு செம்பு, இன்னொரு செம்பு. தனக்கென்று ஒரு சாவுக்குத் தலைக்குக் குளித்து எத்தனையோ காலமாகிவிட்டது. அப்போது அழத் தெரியாத வயசு, தன் பாட்டுக்குக் குளிர்ந்த தண்ணீரில் விளையாடியதாக ஞாபகம். இப்போது அழுதாள். யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாது. முகம் தெரியாத பூமாரிக்காகவும்தான், பெயர் சொல்லக் கூடாத ஒருவருக்காகவும்தான், இத்தனை வருஷமாக நாலாகக் கிழித்து வெளியே போட்ட எல்லாருக்காகவும்தான்.

ஈரத்தோடு வந்தவளைப் பார்த்து ஷ்யாமளா திகைத்தாள்.

"யாராக்கும் போனது? தபால் ஒண்ணும் வரலையே!"

"பூமாரி."

"எந்தப் பூமாரி? நமக்கு யாரு அது?"

"தாராவியில இருந்தவ, மன்னி. அவளுக்குப் பொறந்தாத்துல யாருமே குளிக்கலை. அதான் நான் குளிச்சேன்."

ஷ்யாமளா வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஊஞ்சலிலிருந்து அனந்தகிருஷ்ணன் தலையைத் தூக்கினார். அவருக்குக் கணக்குத்தான் முக்கியம்.

"விசாலம், நமக்குத் தீட்டுண்டா?"

"உங்களுக்கு இல்லை அண்ணா. எனக்கு மட்டும். கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணு போனா பெத்தவாளுக்கு மூணு நாள்னு நீங்கதானே சொல்வேள்? மூணு நாள்."

அண்ணா என்னமோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேப்பருக்குள் போய்விட்டார். ஷ்யாமளா இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூலையில் தள்ளி வைத்தாள். அந்தத் தட்டு எப்போதும் அங்கேதான் இருந்தது, அன்றைக்கு அதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் விசாலாக்ஷி அட்டவணைக்கென்று வைத்திருக்கும் வெள்ளை அட்டைகளில் ஒன்றை எடுத்தாள். கறுப்புக் கரை போடவில்லை. வெயிலுமுத்து சொன்னதை, அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் நிறுத்தி, வரிக்கு வரி எழுதினாள். அச்சுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாக இட்டாள். கைதவறி ஒன்றுக்கு இரண்டு அட்டை வீணானது. அவள் மேஜையில் அட்டை வீணாகி யாரும் பார்த்ததில்லை.

எழுதி முடித்ததை ரோஷனிடம் கொண்டு போய், நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். ரோஷன் இருமிக்கொண்டே கேட்டாள். அட்டையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இது நம் அட்டை. பெயர் முதல் வரியில் அல்லவா வர வேண்டும்? நீங்களா இந்தத் தப்பைச் செய்வது?"

"இந்த ஒரு அட்டைக்கு மட்டும் மூணாவது வரியில்தான் வர வேண்டும். நடுவில்."

"ஏன்?"

"தேடி வருகிறவருக்கு அங்கேதான் தேடத் தெரியும்."

ரோஷன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "கண்காட்சி முடிந்ததும் இதை இழுப்பறையில் சேருங்கள். வேறு யாராவது கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்" என்றாள். அந்த நூலகத்தில் ரோஷன் ஒரு விதியை விட்டுக்கொடுத்தது அதுதான் முதலும் கடைசியும்.

சனிக்கிழமை பெரிய மனிதர்கள் வந்தார்கள், மாலை போட்டுக்கொண்டார்கள், பேசினார்கள். கொங்கணிப் பெட்டி, உருதுப் பெட்டி, சிந்திப் பெட்டி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே தேநீர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ்ப் பெட்டியில் சபா கச்சேரியும் மாரியம்மன் கொடையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நடுவில் இருந்த கையெழுத்து அட்டையின் முன்னால் ஒருவரும் நிற்கவில்லை.

விசாலாக்ஷி அடிக்கடி மாடி ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலுமுத்து வருவதாகச் சொல்லவில்லை. வரமாட்டார் என்றே நினைத்தாள். மதியத்துக்கு மேல் கேட்டில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. வாச்மேன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் படியிறங்கி ஓடினாள்.

"அவர் என்னைப் பார்க்க வந்தவர்" என்று வாச்மேனிடம் ஹிந்தியில் சொன்னாள். யார் என்று அவன் கேட்டான். அவள் பதில் சொல்லாமல், வாருங்கள் என்று வெயிலுமுத்துவை அழைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

பெட்டியருகே வந்ததும் அவள் ஒதுங்கி நின்றாள். எது என்று காட்டவில்லை. வெயிலுமுத்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குனிந்தார். எல்லாக் காகிதங்களையும் பார்த்தார். வெள்ளை அட்டைக்கு வந்ததும் நின்றார். வெளுத்த விரலைக் கண்ணாடிமேல் வைத்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். மூன்றாவதில் நிறுத்தி, மெதுவாக நடுவுக்கு நகர்த்தினார். விரல் அங்கேயே நின்றது.

வெகு நேரம் கழித்து, "நல்லா இருக்கு தாயி. கறுப்பு இல்லாம நல்லா இருக்கு" என்றார்.

விசாலாக்ஷி தலையசைத்தாள்.

"இத யாரும் கிழிச்சிர மாட்டாவள்லா?"

"மாட்டா. இங்க எதையும் யாரும் கிழிக்கப்படாது. அதுதான் இந்த இடத்துச் சட்டம்."

வெயிலுமுத்து விரலை எடுக்காமலே திரும்பி அவளைப் பார்த்தார். முந்தாநாள் அந்த முகத்திலிருந்து போன சிரிப்பு கொஞ்சம் திரும்பி வந்திருந்தது.

"ஆமா" என்றார். "அவளுக்கு ஒருத்தர் கிழிச்சது போதும்."